நீலி கதையில் ஒரு சிரிப்பு

தென்மேற்குப் பருவமழை நாட்கணக்கில் விடாது பெய்யும் ஆடி மாதமொன்றில், நடுவட்டத்துத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலே, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அடுப்பங்கரையில் குளிர்காய்ந்திருந்த பெண்களுக்கு ஒரு மூதாட்டி பழையனூர் நீலியின் கதையைச் சொல்ல, நானும் ஓரமாயிருந்து கேட்டேன். கொலையுண்டவளின் அக்கதையில், ஊர்ப் பெரியவர்கள் செட்டியின் கத்தியை வாங்கி வைத்துக்கொள்ளும் கட்டத்தில் அப்பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பழிவாங்கும் கதைக்கு ஹாஸ்யம் எதற்கு என்ற வினாவுக்கு அந்தச் சிரிப்பைவிடத் தெளிவான விடை எனக்கு இன்றளவும் கிடைத்ததில்லை.

முற்பிறவியில் திருவாலங்காட்டருகே கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகச் செட்டியாய்ப் பிறந்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் சபையில் 'இவர் என் புருஷர்' என்று முறையிடுகிறாள். அவனோ, 'இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள்' என்று உள்ளதை உள்ளபடியே சொல்லியும் நம்புவாரில்லை. கத்தி அவனிடமிருந்தால் தனக்கு அச்சமென்று அவள் சொல்ல, அதை வாங்கிக்கொண்டு, அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தங்கள் பிராணனைத் தருவதாக வாக்களித்து, இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அடிபட்டு வந்த பெண்ணின் வார்த்தையைத் தள்ளிவிட்டு, 'குடும்பமென்றால் அப்படித்தான்' என்று அடித்தவனோடேயே அனுப்பிவைக்கும் பஞ்சாயத்தை அறிந்தவர்களுக்கு, அதே அநியாயம் தலைகீழாய் ஓர் ஆண்மகனுக்கு நேர்வதைக் கேட்டுச் சிரிப்பு வராமல் எப்படியிருக்கும்?

இத்தனை கூர்மையான பரிகாசத்தைப் படைத்த சமூகம் 'நீலிக் கண்ணீர்' என்று அவள் பெயரையே கபடத்துக்குச் சூட்டியது எனக்குத் தீராத வருத்தம். கொன்றவன் பெயரால் ஒரு வசைச்சொல்லும் பிறக்கவில்லை. சமண காவியமான நீலகேசி ஒன்றுதான் அவளைப் பல சமயத்தாரை வாதில் வெல்லும் பண்டிதையாக்கி, ஓரளவு ஈடுசெய்தது.

அவளிடம் வாதில் தோற்பவர்களுள் குண்டலகேசியும் ஒருத்தி. கள்வனான கணவன் மலையுச்சியில் தன்னைத் தள்ளிக் கொல்லத் துணிந்தபோது, 'சாகுமுன் உம்மை மும்முறை வலம் வருகிறேன்' என்று வேண்டி, பின்புறம் வந்ததும் அவனையே தள்ளியவள் அவள். பதிவிரதைக்கு விதித்த சடங்கே ஆயுதமானதை அந்நாளில் கேட்டவர்கள் எப்படி ரசித்தார்களோ! அவளைப் பாடிய நாதகுத்தனாரின் காவியத்தில் சில செய்யுள்களே எஞ்சியிருப்பது நம் பெருநஷ்டம்.

இத்தகைய ஹாஸ்யம் அண்மைக் காலத்திலும் உண்டு. 1953-இல் ரோல்ட் டால் எழுதிய ஆங்கிலச் சிறுகதையில், உறைந்த ஆட்டுத்தொடையால் கணவனை அடித்துக் கொன்றவள், அதையே சமைத்துத் துப்பறிய வந்த போலீஸாருக்குப் பரிமாறுகிறாள். சாமர்த்தியமான கதைதான், எனினும் அவன் செய்தது அவளைக் கைவிட முனைந்ததே ஆகையால், நீலியின் கனம் அதற்கில்லை. கூடலூர் தாண்டினால் எட்டிவிடும் கேரளத்தில் 2022-இல் வந்த 'ஜய ஜய ஜய ஜய ஹே' திரைப்படத்தை நான் இதற்கு மேலாக மதிக்கிறேன். அற்பக் காரணங்களுக்கெல்லாம் அறையும் கணவனை மனைவி உதைத்து வீழ்த்துவதைவிட, 'கொஞ்சம் அனுசரித்துப் போ' என்று உபதேசிக்கும் உற்றாரை அப்படம் நம்முன் நிறுத்துவதே என் மதிப்புக்குக் காரணம். அவர்கள் பழையனூர்ச் சபையின் நேர்வாரிசுகள்.

அன்று மூதாட்டி, கதவு சாத்தப்பட்டதோடு கதையை நிறுத்திவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளினாள். செட்டி மாண்டுகிடக்க, வாக்குத் தவறாது எழுபதின்மரும் தீப்பாய்ந்ததைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தே அறிந்துகொண்டேன்.