சைக்கிளைவிட்டு இறங்காத கோரிக்கை

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வெள்ளைக்காரத் துரைமார் முன் வைத்த கோரிக்கைகளை, நல்ல செய்யுளைப் போல நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுதல் என்று போகிற பட்டியலில் திடீரென்று ஒரு சைக்கிள் வருகிறது: துரையையோ தோட்ட எழுத்தரான கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக்கூடாது.

என்ன அழகான கோரிக்கை! இதைக் கொடுத்தால் தோட்டத்துக்கு ஒரு காசு நட்டமில்லை. ஆனால் அந்தச் செம்மண் சாலையை நினைத்துப் பாருங்கள். எதிரே துரையின் கார். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மிதித்து வந்தவர் இறங்குகிறார், அவளும் இறங்குகிறாள். புழுதி அடங்கும்வரை ஓரமாக நின்றுவிட்டு ஏறுகிறார்கள். துரை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். இவருக்கோ அது வீட்டுக்காரி முன்னால் பட்ட அவமானம். கூலியோடு சரிசமமாக அதையும் எழுதி வைத்தார்களே, அங்கேதான் நயம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று பேச வேண்டியவர் கிராணி. கொடுமைக்காரக் கிராணிகளை நீக்கி, தமிழ் படித்தவர்களைப் போடுங்கள் என்று கேட்டார்கள். குறை சொல்ல வருகிறவரைப் பழிவாங்கக்கூடாது என்றும் சேர்த்தார்கள். நடுவில் நிற்பவர் சரியில்லாவிட்டால் பேச்சே வீண் என்பது அவர்களுக்குப் பட்டறிவாகத் தெரிந்திருந்தது.

அவர்களுக்காகப் பேச முன்வந்தவர், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். மே மாதம் அரசு அவரைக் கைது செய்தது. பிறகு நாடு கடத்தியது. பேசக்கூடிய ஆளை அகற்றியதும் வேலைநிறுத்தம் சிலாங்கூர் எங்கும் பரவியது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாக 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிலாங்கூரின் அசாம் ஜாவாப் பக்கம் இன்று செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ கோரிக்கை எழுத உட்காரும் தம்பி தங்கைகளே, சம்பளத்தைக் கேளுங்கள். அதன் பக்கத்திலேயே உங்கள் சைக்கிளையும் எழுதுங்கள். ‘இதெல்லாம் சின்ன விஷயம்’ என்று யார் சொன்னாலும் அந்த வரியை அடித்துவிடாதீர்கள்.