காற்றை ஊதினால் போதுமா?

பழைய கார்களைப் பற்றி எழுதுவோர் ‘புளோயர் பென்ட்லி’யைப் புகழாமல் விடுவதில்லை. 1953இல் வெளிவந்த ‘காசினோ ராயல்’ நாவலில் இயான் பிளெமிங் தம் கதாநாயகன் ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுத்ததும் இக்காரையே. புகழ் இருக்கட்டும், பொறியமைப்பு என்ற முறையில் இது எத்தகையது என்று நோக்குவோம்.

இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனம் 1927இல் வெளியிட்ட 4½ லிட்டர் காரின் எஞ்சின், தானே உறிஞ்சும் காற்றைக் கொண்டு இயங்கியது. நான்கு சிலிண்டர்கள், கொள்ளளவு 4398 கன செ.மீ.; 110 குதிரைத்திறன். பிரான்சில் நடைபெறும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1928இல் வென்றது இக்காரே. இவ்வேகம் போதாதென்று கருதினார் பந்தய வீரர் டிம் பர்கின். டாரதி பேஜட் என்ற சீமாட்டியின் பொருளுதவி கிடைத்தது. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜர் என்னும் காற்றூதியை அமைத்துக் கொடுத்தார். திறன் 175 ஆயிற்று. பந்தயக் கார்களில் 240. நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லியோ இதை எதிர்த்தார். திறன் வேண்டுமானால் எஞ்சினையே பெரிதாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இதைப் பழமைப் பிடிவாதம் என்பாரும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

காற்றின் அழுத்தத்தை இருமடங்காக்குவதாகக் கொள்வோம். சிலிண்டரில் இருமடங்கு காற்று நிறையும் என்று மாணவர் பலர் உடனே விடை எழுதிவிடுவர். வெப்பநிலையை மறந்துவிடுகிறார்கள்! பென்ட்லியில் இருந்தது ரூட்ஸ் வகை ஊதி. இதன் இரு சுழலிகள் காற்றை உள்ளே அமுக்குவதில்லை. அள்ளித் தள்ளுகின்றன, அவ்வளவே. வெளிவாயிலில் அழுத்தமிக்க காற்று பின்னோக்கிப் பாய்ந்து மோதும்போதுதான் அமுக்கம் நிகழ்கிறது. ஆகவே வெப்பம் மிகுதி. 27° செல்சியசில் நுழையும் காற்று, கணக்கின்படி, 113°க்கு ஏறும். சீராக அமுக்கியிருந்தால் 93° தான். அடர்த்தி இருமடங்காவதில்லை, ஏறத்தாழ 1.56 மடங்கே. கார்ப்யூரேட்டர்கள் ஊதிக்கு முன்னால் இருந்ததால் பெட்ரோல் ஆவியாகிச் சற்றுக் குளிர்வித்தது உண்மை. ஆனால் தனிக் குளிர்விப்பான் ஏதுமில்லை. சூடான கலவை காலத்திற்கு முன்பே வெடித்து எஞ்சினைத் ‘தட்ட’ வைக்கும்.

செலவு இதோடு முடியவில்லை. ஊதியைச் சுழற்றுவதும் எஞ்சினே. 3500 சுற்றில் இந்த எஞ்சின் நிமிடத்திற்கு 7.7 கன மீட்டர் கலவையை விழுங்கும். நம் கணக்கிலுள்ள அழுத்தத்தில் அதை ஊட்டுவதற்கே சுமார் 27 குதிரைத்திறன் போய்விடும். கிராங்க் தண்டின் முனையில், ரேடியேட்டருக்கும் முன்னால், ஊதி தொங்கியது. காரின் மூக்கு கனத்தது. பெட்ரோல் செலவைச் சொல்ல வேண்டியதில்லை.

1930 லெ மான் பந்தயத்தில் பர்கினின் ஊதிக் கார்கள் முடிவுவரை ஓடவில்லை. முதலிரண்டு இடங்களையும் பெற்றவை அதே நிறுவனத்தின் ‘ஸ்பீட் சிக்ஸ்’ கார்கள்: ஊதியற்ற 6½ லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 200 குதிரைத்திறன்.

பர்கினுக்குரிய பெருமையையும் மறைக்கலாகாது. அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இரண்டாமிடம். 1932இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் மணிக்கு 222 கி.மீ. வேகச் சாதனை. சில மணி நேரமோ சில நிமிடமோ ஓடுவதற்கு ஊதி ஏற்றதே.

1982இல் ‘முல்சான் டர்போ’ என்ற காரில் பென்ட்லி நிறுவனமே காற்றூட்டத்தை ஏற்றது. வீணாகும் புகையின் ஆற்றலே அங்கு ஊதியைச் சுழற்றியது. எஞ்சின் மட்டும் 6750 கன செ.மீ.!