கொலையைக் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்?

முசிறி வட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றிலே, பத்தாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாஜிகள் 60 இலட்சம் யூதரைக் கொன்றனர் என்ற செய்தி வருகிறது. வாசிக்கிறார், அடிக்கோடு இடச் சொல்கிறார், அடுத்த பத்திக்குப் போகிறார். அங்கே ஐக்கிய நாடுகள் அவை பிறந்துவிடுகிறது! அறுபது இலட்சம் உயிர்கள் ஒரு மதிப்பெண் வினாவுக்குள் அடங்கிவிட்டன.

பழி ஆசிரியர் மீதா? அல்ல. ஈராண்டு கல்வியியல் படித்துவிட்டு வந்தவர் அவர். பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். காலக்கோடு வரையப் பழக்கினார்கள். ஹெர்பார்ட்டின் படிகளை ஒப்பிக்கச் செய்தார்கள். ஒரு மக்கட்கூட்டத்தை இன்னொரு கூட்டம் திட்டமிட்டு அழித்த கதையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் எந்தச் சொல்லால் தொடங்குவது, எந்தப் படத்தைக் காட்டாமல் விடுவது, "ஏன் சார், அக்கம்பக்கத்தார் தடுக்கவில்லை?" என்று ஒருவன் எழுந்து கேட்டால் என்ன சொல்வது என்று பழக்கினார்களா? பழக்கியதைக் கண்டவர் கை தூக்கட்டும்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். இன்று இனப்படுகொலை என்று நாம் எழுதும் சொல்லுக்கு மூலமான மேனாட்டுச் சொல்லை 1944-இல் ஆக்கியவர் ராபேல் லெம்கின், போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். 1948 டிசம்பர் 9-ஆம் நாள் ஐ.நா. அவை அதை உடன்படிக்கையாக்கிற்று. 1959-இல் இந்தியா அதனை உறுதி செய்தது. ஆனால் அதற்கென உள்நாட்டில் தனிச் சட்டம் இயற்றவில்லை. தேசிய, இன, மரபின, சமயக் கூட்டம் ஒன்றை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். கொல்லுதல், கொடிய ஊறு விளைத்தல், வாழ முடியாத நிலையைத் திட்டமிட்டு உண்டாக்கல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் சேர்த்தல் என்ற ஐந்தில் ஒன்று நிகழ்ந்திருக்க வேண்டும். இதுவே இலக்கணம். இந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் இல்லை, வர்க்கம் இல்லை, அரசியல் கட்சி இல்லை. ஏன் இல்லை என்று கேட்கத் தெரிந்த மாணவன் பாடத்தில் பாதியைப் படித்துவிட்டான். அப்படிக் கேட்க வைப்பதற்கு ஆசிரியருக்கு முதலில் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டுமே!

நம் பக்கம் திரும்புவோம். 1983 ஜூலையில் கொழும்பில் நடந்ததை "இனக் கலவரம்" என்றே நம் நாளேடுகள் எழுதின. நம்மவர் நாவிலும் அச்சொல்லே நின்றுவிட்டது. கலவரம் என்றால் இருவர் மோதியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியது கலவரமா? வெலிக்கடைச் சிறையில், காவலுக்குள் இருந்த தமிழ்க் கைதிகள் 53 பேர், ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் கொல்லப்பட்டனர். பூட்டிய சிறைக்குள் கலவரத்திற்குக் கதவு திறந்தது யார்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு முழுப் பாடவேளையை நடத்தலாம்.

ஆனால், மேடை வேறு, வகுப்பறை வேறு. இதை நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முள்ளிவாய்க்காலைப் பற்றிக் குரல் நடுங்கப் பேசி, கூட்டத்தைக் கண்ணீரில் ஆழ்த்துவது மேடையின் வேலை. இறுதிப் போரில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு சொன்னது எப்படி, வேறு கணக்குகள் ஏன் வேறுபடுகின்றன, எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை என்று பிள்ளைகளையே நிறுத்துப் பார்க்கச் செய்வது வகுப்பறையின் வேலை. சான்றை எடை போடப் பழகியவனை எதிரியின் மறுப்புரை அசைக்காது. உணர்ச்சியை மட்டும் வாங்கிக்கொண்டவன் முதல் எதிர்வாதத்திலேயே வாயடைத்து நிற்பான்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், 2021-இல், மே 12 முதல் 18 வரை தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம் என்று சட்டமே இயற்றினார்கள். எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். சட்டத்தின் நோக்கம் கல்வியே என்று 2022-இல் நீதிமன்றம் ஏற்றது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2025-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க மறுத்தது. மகிழ்ச்சி! எனினும் அச்சட்டத்தை ஊன்றிப் படித்தால், அந்த வாரத்தில் மக்கள் தாமே அறிந்துகொள்ள ஊக்கப்படுத்துகிறதே தவிர, ஆசிரியரைப் பயிற்றுவிக்க ஒரு வரியும் இல்லை. நாமோ 2013 மார்ச்சில் சட்டமன்றத்தில் ஈழத் தமிழரிடையே பொதுவாக்கெடுப்பு வேண்டுமென்று தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தின் காரணத்தைப் பள்ளிக்கூடத்தில் விளக்குவார் யார் என்று எண்ணிப் பார்த்தோமில்லை.

இத்தனைக்கும் கொட்டப்பட்டும் வாழவந்தான்கோட்டையும் திருச்சி மாவட்டத்திலேயே உள்ளன. கடல் கடந்து வந்த குடும்பங்கள் தலைமுறையாக அம்முகாம்களில் வாழ்கின்றன. 2021-இல் பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். மாவட்டத்துப் பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பயிற்சியற்ற ஆசிரியர் என்ன செய்வார்? நல்லெண்ணத்தோடுதான், "நீ எழுந்து சொல்லம்மா, உங்கள் ஊரில் என்ன நடந்தது?" என்பார். சாட்சிக் கூண்டில் ஒரு குழந்தை! அவளோ இங்கே பிறந்தவள். பாட்டியின் பெருமூச்சைத் தவிர வேறெதையும் கண்டவளில்லை. எழுப்பக் கூடாது என்பதைக்கூட எவரேனும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

எழுப்பி நிறுத்துவதன் வரலாறு கொடியது. ருவாண்டாவில் வகுப்பறையிலேயே டுட்சிப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கணக்கெடுத்தார்கள் ஆசிரியர்கள். 1994-இல், ஏறத்தாழ நூறு நாள்களில், எட்டு இலட்சம் பேர் மாண்டனர். பிறகு பல ஆண்டுகள் அந்நாட்டுப் பள்ளிகளில் வரலாற்றுப் பாடமே நிறுத்தி வைக்கப்பட்டது; எதைச் சொல்வதென்று எவருக்கும் துணிவில்லை. நம் நாட்டில், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. ருவாண்டா தொலைவில் இருக்கிறது என்று எண்ணுவோர் இதைச் சற்றே நினைக்கட்டும்.

இனி, பேசக் கூசுகிற இடத்திற்கு வருவோம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கூட்டிக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும், ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். யார் ஆட்சிக் காலம் அது? நம் ஆட்சிக் காலம்! சென்னைக் கோட்டையிலே அண்ணா முதல்வராக இருந்த காலம். அடுத்தவன் செய்த கொலையைப் பாடமாக்க எல்லோரும் முன்வருவர். நம் காலத்தில், நம் மண்ணில், தமிழன் தமிழனைக் கொளுத்தியதைப் பாடமாக்கும்போதுதான் ஆசிரியரின் நேர்மை அளக்கப்படுகிறது. 1948-இன் இலக்கணப்படி அது இனப்படுகொலை அன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால் கொடுமை குறைந்துவிடாது. இலக்கணத்தின் எல்லை எங்கே முடிகிறதென்று மாணவன் கண்டுகொள்வான்.

பிஞ்சு உள்ளத்தில் வெறுப்பை விதைப்பதாகாதா என்பார் சிலர். விதைக்கும், பயிற்சி இல்லாதவர் கையில். எரிந்த உடல்களின் படத்தை ஒட்டி வைப்பவர், ஒரு பாதி வகுப்பை நாஜியாகவும் மறு பாதியை யூதராகவும் நடிக்க விடுபவர், எவர் துயர் பெரிது என்று பட்டிமன்றம் வைப்பவர் ஆகியோர் கையில் விதைக்கத்தான் செய்யும். ஆகவேதான் விடுமுறைக்காலப் பணியிடைப் பயிற்சியில் இதற்கென இரு நாள்கள் ஒதுக்குங்கள் என்கிறோம். எண்களைப் பெயர்களாக்கப் பழக்குங்கள். ஆவணம் படிக்கப் பழக்குங்கள். வெண்மணி வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெருநிலக்காரர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்று அது கருதியது.

கீழ்வெண்மணி நிகழ்ந்த ஆண்டு எது என்பது ஒரு மதிப்பெண் வினா. அந்தத் தீர்ப்பின் கருத்தை ஆராய்க என்பது ஐந்து மதிப்பெண் வினா. இரண்டாவதைக் கேட்கும் வினாத்தாளும், வந்த விடையைத் திருத்தத் தெரிந்த ஆசிரியரும் முசிறிக்கு எப்போது வருவார்கள்? கல்வித் துறைதான் விடை சொல்ல வேண்டும்.