தலைப்பாகையில் இருந்த தோல்

வேலூர்க் கோட்டைக்குப் போகிறவர் அகழியைப் பார்த்து வியக்கிறார். ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைக் கண்டு பரவசப்படுகிறார். கோட்டைக்குள்ளேயே இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். சரித்திரத்தைப் பார்த்தாயிற்று என்ற திருப்தியோடு பஸ் ஏறிவிடுகிறார். அவர் பார்த்தது சரித்திரமா, கொலுவா?

கொலுவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேல்படியில் தெய்வங்கள், அடுத்து ராஜா ராணி, கீழ்ப்படியில் செட்டியாரும் அவர் கடையும். நம் நினைவுச் சின்னங்களும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் எழும்புகின்றன. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832-இல் இறந்தார். அவருக்குப் பாலாற்றங்கரையில் 1990-இல் முத்து மண்டபம் கட்டினார்கள். 1806 ஜூலை 10-ஆம் தேதிப் புரட்சியில் மாண்ட வெள்ளையருக்குக் கோட்டையை அடுத்த பழைய இடுகாட்டில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே புரட்சியில் செத்த சிப்பாய்களுக்கு 1998-இல்தான் தூண் எழுந்தது. 192 வருஷம்! அதிலும் கடைசி 51 வருஷம் சுதந்திர இந்தியாவின் கணக்கில் சேரும்.

நிற்க. அந்தச் சிப்பாய்கள் எதற்காகக் கிளர்ந்தெழுந்தார்கள்? நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று கம்பெனிச் சேனையில் உத்தரவு பிறந்தது. அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு சின்னம் இருந்தது. பசுவின் தோலோ, பன்றியின் தோலோ என்று இரு மதத்தாரும் துடித்தார்கள். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. பிறகு ஒருநாள் இரவு கோட்டை கைமாறி, திப்புவின் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று, அதை இறக்கியது.

அவர்கள் கோபம் நியாயமானது, தூணும் நியாயமானது. ஆனால் அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, பதனிட்ட கை யாருடையது என்று அந்தக் கதையைச் சொல்கிற நாம் கேட்பதில்லை. தலையில் பட்டால் அவமானம் என்று ஒருவர் கருதிய பொருளை வாழ்நாளெல்லாம் கையில் ஏந்தியவரைச் சமூகம் எங்கே நிறுத்தியிருந்தது? இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் புரட்சியின் கதை பாதிக் கதைதான்.

வேறு எந்த ஊரிலாவது இதை மறந்திருந்தால் மன்னிக்கலாம். ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் தோலால் பிழைக்கும் ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பு வந்தது. முஸ்லிம் வியாபாரிகளின் முதலும் தலித் தொழிலாளிகளின் உழைப்பும் சேர்ந்து கப்பல் ஏறின. இன்று ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். கழிவைச் சுமந்தது பாலாறு. 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளிகள் இறந்தார்கள்.

திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் தொழிலாளிகளை டி. செல்வராஜ் தமது 'தோல்' நாவலில் நிறுத்தி வைத்தார். 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. நாவலுக்குள் நுழைந்தவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் நுழைய வேண்டாமா?

கோட்டைக்குள் ஒரே ஓர் அறை போதும். 1806-ஆம் வருஷத்துத் தலைப்பாகையின் படம், அதன் பக்கத்தில் தோல் சீவும் கத்தி, ஏற்றுமதிக்குத் தயாரான ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு சீசாவில் பாலாற்றுத் தண்ணீர். பார்க்கிறவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். முதலாளிக்கும் இருக்கும், அரசாங்கத்துக்கும் இருக்கும், பூட்ஸ் அணிந்து வந்தவருக்கும் இருக்கும். யாருக்கும் சங்கடம் தராத சரித்திரத்தை ஒன்பது நாள் வைத்து, பத்தாம் நாள் பெட்டியில் கட்டி வைத்துவிடலாம்.