வாஷிங்டனும் செர்ரி மரமும்

பினாங்குத் தீவின் தலைநகருக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர். அதன் கடலோரத்தில் நிற்கும் கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் என்று பெயர். நகரின் பெயர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் குறிப்பது. கோட்டையின் பெயரோ அம்மன்னரின் தளபதியாக அமெரிக்காவில் போரிட்டுப் பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தவரைக் குறிப்பது. இருவரும் ஒரே மனிதரிடம் தோல்வி கண்டவர்கள் என்பது, கோட்டையைச் சுற்றிப் பார்க்க வரும் மாணவர்க்கு ஆசிரியர் எடுத்துரைக்கத் தக்க செய்தியாகும். 1781 அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. உடல்நலம் இல்லை என்று சொல்லி அவர் வெளியே வரவில்லை. துணைத் தளபதியே வாளுடன் வந்தார். பிரெஞ்சுப் படையின் துணையோடு எதிரே நின்று வென்றவர் ஜார்ஜ் வாஷிங்டன். ஐந்தாண்டு கழித்து, 1786இல், பினாங்கில் கம்பெனியின் கொடி ஏறியது; அவ்வாண்டிலேயே கார்ன்வாலிஸும் கல்கத்தாவில் பதவி ஏற்றார்.

இத்துணை அருகில் வரலாறு இருக்க, தமிழ் மாணவனுக்கு வாஷிங்டன் அறிமுகமாவது ஒரு செர்ரி மரத்தின் வாயிலாகத்தான். சிறுவன் கைக்கோடரியால் தந்தையின் மரத்தை வெட்டினான். தந்தை வினவியபோது பொய் சொல்லாமல் உண்மையை ஒப்புக்கொண்டான். தந்தை மகிழ்ந்து அணைத்துக்கொண்டார். வாய்மைக்கு எடுத்துக்காட்டு வேண்டும்போதெல்லாம் அரிச்சந்திரனுக்கு அடுத்தபடியாக இக்கதை வந்து நிற்கும்.

கதையோ மெய்யன்று. வாஷிங்டன் 1799 டிசம்பரில் மறைந்தார். மறு ஆண்டிலேயே அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டவர் மேசன் லாக் வீம்ஸ் என்பவர். பாதிரியார், ஊர் ஊராகச் சென்று நூல் விற்றவர். முதற்பதிப்பில் செர்ரி மரம் இல்லை. 1806ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில்தான் அது முளைத்தது. அக்குடும்பத்துக்கு உறவான மூதாட்டி ஒருவர் சொன்னார் என்பது வீம்ஸ் காட்டும் சான்று. மூதாட்டியின் பெயரை அவர் கூறவில்லை. வேறு சான்றும் கிடையாது.

வீம்ஸ் எழுதியவாறே கதையைப் படிப்போருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே அறிவுரை சிறுவனுக்கு மட்டும் உரியதன்று. சிறு குற்றத்துக்கெல்லாம் பிள்ளைகளை அடிக்கும் பெற்றோரே அவர்களைப் பொய்யராக்குகின்றனர் என்று தந்தையின் வாயில் வைத்துக் கண்டிக்கிறார் வீம்ஸ். பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு இக்கதையைச் சொன்ன வகுப்பறைகளில் அந்தப் பகுதி மட்டும் விடுபட்டுப் போயிற்று!

இக்கதைக்குப் பரிந்து பேசுவோர் வள்ளுவரையே துணைக்கு அழைப்பர். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் வாய்மை அதிகாரத்தில் கூறியிருக்கிறார் அல்லவா என்பர். கூறியது உண்மை. ஆயின் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் அவர்தாம் வைத்தார். அந்த உரைகல்லில் இக்கதையைத் தேய்த்துப் பார்த்தல் வேண்டும்.

வாஷிங்டன் புகையிலையும் கோதுமையும் விளைவித்த தோட்ட முதலாளி. பதினோராம் வயதில் தந்தை இறந்தபோது பத்து அடிமைகள் அவர் பங்குக்கு வந்தனர். அவர் மறைந்தபோது மவுண்ட் வெர்னன் தோட்டத்தில் 317 அடிமைகள் இருந்தனர். அவருக்கு மரத்தாலான பற்கள் என்பதும் மற்றொரு கட்டுக்கதை. யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், உலோகம், மனிதப் பல் ஆகியவற்றால் ஆனவை அவர் கட்டிய பற்கள். கறுப்பரிடம் ஒன்பது பற்கள் வாங்கப் பணம் கொடுத்ததாக 1784இன் கணக்கேட்டில் குறிப்பு இருக்கிறது. மரம் வரும் கதைகள் இரண்டுமே இம்மக்களை மறைத்து நிற்பது கவனிக்கத்தக்கது.

இனி வாய்மைக்கு வருவோம். அவர் குடியரசுத் தலைவராகப் பிலடெல்பியாவில் இருந்தபோது, வெளியூரார் அழைத்துவந்த அடிமைகள் ஆறு திங்கள் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம் என்பது அம்மாநிலச் சட்டம். 1791 ஏப்ரலில் அவர் தம் செயலாளருக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அடிமைகளைத் தவணைக்குள் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்களும் பொதுமக்களும் ஏமாறும்படியான ஒரு சாக்குச் சொல்லி அதைச் செய்ய வேண்டும். செய்தி செயலாளருக்கும் தம் மனைவிக்கும் அன்றி வேறெவர்க்கும் தெரியலாகாது என்பது அதன் சாரம். பொய்யே சொல்லத் தெரியாதவர் என்று பிள்ளைகளுக்குக் காட்டப்படுபவர் எழுதிய கடிதம் இது.

இதனால் அவரைச் சிறியவர் எனத் தள்ளுவது முறையன்று. இருமுறை பதவி வகித்தபின் தாமே விலகியவர் அவர். தமக்கு உரிமையான 123 பேரையும் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு உயில் எழுதினார். அம்மையார் 1801 ஜனவரி முதல் நாளே அவர்களை விடுவித்தார். மனைவியின் முன்னாள் கணவர் குடும்பச் சொத்தாக வந்தவர்களை விடுவிக்கச் சட்டம் இடந்தரவில்லை. அவ்வகையில் கணவன் விடுதலை பெற, மனைவி அடிமையாகவே நின்ற குடும்பங்களும் உண்டு. இத்தனை முரண்களையும் உடைய மனிதரைக் கைக்கோடரிச் சிறுவனாகச் சுருக்குவதில் குற்றமற்ற நன்மை எங்கே இருக்கிறது? தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியிலேனும், மரத்தைப் பற்றிப் பேசுமுன் அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர் யார் என்ற வினா எழுந்திருத்தல் வேண்டும்.

வீம்ஸின் மூதாட்டிக்குப் பெயர் இல்லை. ஆனால் அந்த வீட்டை உள்ளிருந்து கண்டு, பின்னாளில் வாய் திறந்து பேசிய ஒரு பெண்ணுக்குப் பெயர் உண்டு: ஓனா ஜட்ஜ். வாஷிங்டன் மனைவியின் பணிப்பெண்ணாக இருந்த அவர், 1796இல் வீட்டார் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் சென்றார். அவரைத் திரும்பக் கொணர வாஷிங்டன் ஆளனுப்பியும் பயனில்லை. 1845இல் செய்தித்தாள் ஒன்று அவரைக் கண்டு பேசி அவர் வரலாற்றை வெளியிட்டது. வறுமையில் இருந்தும் ஓடிவந்ததற்கு அவர் வருந்தவில்லை. அந்த மாளிகையில் தமக்கு எவரும் எழுத்தறிவு தரவில்லை என்றும், தப்பி வந்த பின்னரே படிக்கக் கற்றதாகவும் சொன்னார்.