உச்சவரம்புக்குள் சுருங்கிய ஊக்கம்

மத்திய அரசின் கடைநிலை ஊழியரும், கெசட்டட் அல்லாத பி பிரிவு அலுவலரும் பண்டிகைக் காலத்தில் பெறும் தற்காலிக போனஸ் ஒரே தொகைதான்: 6,908 ரூபாய். முப்பது நாள் ஊதியம் என்று ஆணை சொல்கிறது. ஆனால் கணக்கிடும்போது மாத ஊதியம் 7,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த 7,000ஐ 30.4ஆல் வகுத்து முப்பதால் பெருக்கினால் 6,908 வந்துவிடும். ஏழாவது ஊதியக்குழு 2016 முதல் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 18,000 ரூபாயாக்கிவிட்டது. ஆக, நிரந்தரப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கூட உச்சவரம்பைப் போல இரண்டரை மடங்கு வாங்குகிறார். ஊதியத்தை வைத்துக் கணக்கிடும் வாய்ப்பாடு காகிதத்தில் இருக்கிறது. அது யாருடைய ஊதியத்தையும் இப்போது தொடுவதில்லை.

அரசு ஊழியருக்கான பரிசு, போனஸ், ஊக்க ஊதியம், பதக்கப்படி, மதிப்பூதியம் எல்லாவற்றையும் ஆளும் சம்பள விதிகளைப் படிக்கும்போது இந்த நிலை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. விதிகளின் எலும்புக்கூடு உறுதியானது. யாருக்கு, எந்த ஆணையின்படி, எந்தக் கணக்குத் தலைப்பில் என்பதையெல்லாம் அவை துல்லியமாகச் சொல்கின்றன. அவற்றில் வரும் எண்கள் மட்டும் பல ஆண்டுகளாக அசையாமல் கிடக்கின்றன. அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை விலைவாசியைப் பார்த்து மாறுகிறது. ஊக்கத்தொகைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இதைத்தான் இந்த விதிகளின் முதன்மைக் குறை என்று நான் கருதுகிறேன்.

ஒரு வெகுமதியின் உண்மையான மதிப்பு, சம்பளப் பட்டியலில் அது எந்த இடத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. அடிப்படை ஊதியத்துக்குள் நுழைந்தால் அதன்மேல் அகவிலைப்படி ஏறும். அடுத்த ஆண்டு ஊதிய உயர்வும் அதன்மேல் கணக்கிடப்படும். ஓய்வுக்காலப் பலன்களிலும் அது எதிரொலிக்கும். தனிப் படியாக நின்றால் மாதாமாதம் வரும், வளராது. ஒருமுறைத் தொகையாக வந்தால் அந்த மாதத்தோடு முடிந்தது. காலப்போக்கில் மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் வெகுமதிகளை முதல் இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு நகர்த்திக்கொண்டே வந்திருக்கின்றன.

ஆண்டு ஊதிய உயர்வைப் பலர் வெகுமதியாக எண்ணுவதில்லை. ஆனால் அரசுப் பணியின் மிகப் பழைய, மிக நியாயமான வெகுமதி அதுதான். அடிப்படை விதி 24இன்படி, தண்டனையாக நிறுத்திவைக்கப்பட்டாலொழிய ஊதிய உயர்வு இயல்பாகவே வழங்கப்பட வேண்டும். மேலதிகாரியின் தயவுக்கு அதில் இடமில்லை. ஜூன் 30ஆம் தேதி ஓய்வுபெற்றவர், உயர்வு நாளான ஜூலை 1இல் பணியில் இல்லை என்ற ஒரே காரணத்தால் ஓராண்டு உழைப்புக்கான உயர்வை இழந்துவந்தார். 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அய்யம்பெருமாள் வழக்கில், ஓராண்டுப் பணியை முழுமையாக முடித்தவருக்கு அந்த உயர்வைக் கருத்தியலாகக் கணக்கிட்டு ஓய்வூதியப் பலன் தர வேண்டும் என்றது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும், கர்நாடக மின்பரிமாற்றக் கழகத்தின் மேல்முறையீட்டில், இதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது. ஊதிய உயர்வு என்பது முடிந்துபோன ஆண்டின் நற்பணிக்கு ஈட்டிய உரிமை என்ற கருத்து இத்தீர்ப்புகளால் வலுப்பெற்றது. இந்தக் கருத்தை மற்ற ஊக்கங்களுக்கும் நீட்டிப் பார்த்தால் பல விதிகள் தடுமாறுகின்றன.

தமிழ்நாட்டு ஆசிரியர்களின் உயர்கல்வி ஊக்க ஊதிய உயர்வை எடுத்துக்கொள்வோம். பணிக்குத் தேவையான தகுதியைவிடக் கூடுதலாகப் படித்தவருக்கு முன்ஊதிய உயர்வுகள் வழங்கப்பட்டுவந்தன. ஓர் ஊக்க ஊதியம் என்றால் இரண்டு இன்கிரிமென்ட். பணிக்காலத்தில் இரண்டு ஊக்க ஊதியங்கள் வரை பெறலாம். 2020 மார்ச் 10 அன்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட அரசாணை எண் 37 இந்த முன்ஊதிய உயர்வு முறையை ரத்து செய்தது. பிறகு ஒருமுறைத் தொகை என்ற வடிவம் வந்தது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு முன்பே அந்த வழியில்தான் இருந்தது. 2019 மார்ச்சில் அது தொகைகளைத் திருத்தியபோது, படிப்பின் தரத்தைப் பொறுத்து 10,000 முதல், முனைவர் பட்டத்துக்கு 30,000 ரூபாய் வரை என்று வைத்தது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டால் புரியும். பட்டதாரி ஆசிரியரின் ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. இரண்டு இன்கிரிமென்ட் சேர்ந்தால் 38,600. மாதம் 2,200 ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு 26,400. அதன்மேல் அகவிலைப்படியும் சேர்ந்தால் ஓராண்டு முடிவதற்குள்ளேயே, மத்திய அரசு முனைவர் பட்டத்துக்குத் தரும் அதிகபட்சத் தொகையைத் தாண்டிவிடும். பழைய முறையில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஒரு பலன், புதிய முறையில் ஒரு மாத வரவாகச் சுருங்கிவிட்டது. கிராமப்புறப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே, தொலைநிலைக் கல்வியில் முதுகலை முடித்த ஆசிரியைக்கு இது சிறிய மாற்றமில்லை.

ஆனாலும் பழைய முறையைக் குறையில்லாதது என்று சொல்லிவிட முடியாது. அது பட்டத்துக்குப் பரிசளித்தது. வகுப்பறையில் அந்தப் பட்டம் என்ன செய்தது என்று கேட்கவில்லை. எந்தப் பாடத்தில் பெற்ற பட்டம் செல்லும், முன்அனுமதி இருந்ததா, வழங்கும் தேதி தேர்வு முடிந்த மறுநாளா, சான்றிதழ் கையெழுத்தான நாளா என்று ஒவ்வொரு கேள்வியும் ஒரு கோப்பானது, பல கோப்புகள் வழக்காயின. கருவூலத்துக்கு அது நிரந்தரச் சுமை என்ற நிதித்துறையின் வாதத்திலும் நியாயம் உண்டு. என் தீர்ப்பு இதுதான்: முறையைத் திருத்தியிருக்க வேண்டும். பாடத்தோடு தொடர்புள்ள படிப்புக்கு மட்டும், ஒரே ஓர் ஊக்க ஊதியம் என்று சுருக்கியிருந்தால்கூட அதை ஏற்கலாம். ஏற்கெனவே படிப்பில் சேர்ந்து, உழைத்து, செலவழித்துவிட்டவர்களை ஒரு தேதியைக் காட்டி வெளியே நிறுத்தியது அநீதி. ஈட்டிய உரிமையை நடுவழியில் மாற்றக்கூடாது என்ற எளிய அறம் அங்கே மீறப்பட்டது.

இதே மேசையில் வரும் இன்னொரு துயரம், பிடித்தம். ஊக்க ஊதியம் அனுமதித்து ஆணை போட்டது அலுவலகம். பணிப்பதிவேட்டில் பதிந்தது அலுவலகம். பல ஆண்டுகள் கழித்துத் தணிக்கை வந்து தவறு என்று எழுதும்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் மட்டும் ஊழியர். 2014 டிசம்பரில் ரஃபீக் மசீ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. கீழ்நிலைப் பிரிவு ஊழியர்களிடமிருந்தும், ஓய்வுபெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வுபெற இருப்பவர்களிடமிருந்தும் பிடிக்கக்கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவிட்ட மிகைத்தொகையையும் பிடிக்கக்கூடாது என்றது. மனிதாபிமானமுள்ள தீர்ப்பு. ஆயினும் அந்தப் பாதுகாப்பைப் பெற ஒவ்வொருவரும் வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டியிருந்தால், விதி தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் இப்போது சம்பளப் பட்டியல் முழுவதும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் கணினி வழியாகப் போகிறது. தகுதியில்லாத தொகையை நுழைவிலேயே தடுக்க அந்தக் கணினிக்கு இயலும். அப்படித் தடுக்காமல் விட்டதற்கான பொறுப்பை ஒப்புதல் அளித்த அலுவலகமே ஏற்க வேண்டும்.

இனி போனஸ். ரயில்வேயில் 1979-80 முதல் உற்பத்தித்திறனோடு இணைந்த போனஸ் நடைமுறையில் இருக்கிறது. கருத்தளவில் இது மிக நல்ல விதி. எத்தனை டன் சரக்கு, எத்தனை பயணிகள், எத்தனை ஊழியர்கள் என்பதை வைத்து நாட்கள் முடிவாக வேண்டும். நடைமுறையில் பத்தாண்டுக்கும் மேலாக 78 நாட்கள் என்ற எண் நகரவே இல்லை. பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் நின்றிருந்த 2020-21க்கும் அதே 78 நாட்கள். அந்த ஆண்டு சரக்குப் போக்குவரத்து குறையாமல் நடந்தது என்பதையும், ஊரடங்கில் தண்டவாளத்தைக் காத்த டிராக்மேன்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது நியாயமே. என் கேள்வி வேறு. குறைந்த ஆண்டில் இறங்காத எண், சிறந்த ஆண்டில் ஏறவும் இல்லை. இங்கேயும் அதே 7,000 ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் அதிகபட்சத் தொகை 17,951 ரூபாயில் நிற்கிறது. 2025இல் ஏறத்தாழ 10.91 லட்சம் ஊழியர்களுக்கு 1,865 கோடி ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகையை உற்பத்தித்திறனின் பெயரால் கொடுத்துவிட்டு, உற்பத்தித்திறன் என்ன ஆயிற்று என்று ஊழியரிடமும் மக்களிடமும் சொல்லாமல் இருப்பது பெரிய இழப்பு. தன் பணிமனை சென்ற ஆண்டைவிட எவ்வளவு மேம்பட்டது என்பதை அந்த ஊழியர் போனஸ் வழியாகவாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு வந்தால் ஏற்றத்தாழ்வு கூர்மையாகிறது. மாநிலப் பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவுத் தொழிலாளர்களுக்குத் தீபாவளிக்கு 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கிடைக்கிறது. அதிகபட்சம் 16,800 ரூபாய். 2020 முதல் 2022 வரை இது 10 விழுக்காடாகக் குறைந்து, 2023இல் மீண்டும் 20 ஆனது. 8.33 விழுக்காடு என்பது 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்ச உரிமை; லாபம் இல்லாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். அரசுத் துறை ஊழியர்களை அந்தச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. எனவே அவர்களுக்குக் கிடைப்பது அரசு ஆண்டுதோறும் ஆணையிட்டுத் தரும் பொங்கல் மிகை ஊதியம் மட்டும்: சி, டி பிரிவினருக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். தொகுப்பூதியத்திலும் சிறப்புக் காலமுறை ஊதியத்திலும் இருப்பவர்களுக்கு, அதாவது சத்துணவுக் கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு, 1,000 ரூபாய்.

ஒரே அரசின் கீழ், ஒரே ஊரில், பணிமனையில் இருப்பவருக்கு 16,800. தாலுகா அலுவலகத்தில் இருப்பவருக்கு 3,000. குழந்தைகளுக்குச் சோறு சமைப்பவருக்கு 1,000. மூன்று பேரின் உழைப்பையும் எடைபோட்டு இந்த எண்கள் வரவில்லை. சட்டம் யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே விட்டது என்பதிலிருந்து வந்தவை. பொங்கல் மிகை ஊதியத்தின் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பண்டிகை நேரத்தில் கையில் வரும் பணத்தின் அருமை அதை வாங்கியவர்களுக்குத் தெரியும். உயர்பிரிவு அலுவலர்களைத் தவிர்த்துக் கீழ்நிலையினருக்கு முன்னுரிமை தருவதும் சரியே. ஆனால் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவருக்கு மிகக் குறைந்த தொகை என்ற அமைப்பை எந்த நிதி நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

செயல்திறனுக்கேற்ற ஊதியம் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆறாவது ஊதியக்குழு அதைப் பரிந்துரைத்தது. நீதிபதி ஏ.கே.மாத்தூர் தலைமையிலான ஏழாவது குழு இன்னும் ஒருபடி மேலே போய், இப்போதுள்ள போனஸ் திட்டங்களுக்குப் பதிலாகவே செயல்திறன் ஊதியத்தைக் கொண்டுவரச் சொன்னது. விண்வெளித் துறையிலும் அணுசக்தித் துறையிலும் இத்தகைய திட்டம் இருக்கிறது. ஏவுகலம் புறப்பட்டதா இல்லையா என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும் விளைவு. வருவாய் ஆய்வாளரின் செயல்திறனை எதை வைத்து அளப்பது? தீர்த்த மனுக்களின் எண்ணிக்கையை வைத்தால், மனுக்களை அவசரமாக நிராகரிப்பவருக்குப் பரிசு போய்ச் சேரும். ஆசிரியரைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளந்தால், படிப்பில் பின்தங்கிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள யாரும் முன்வரமாட்டார்கள். தனிநபருக்கான செயல்திறன் ஊதியத்தை அரசு அலுவலகங்களில் பரவலாக்குவதை நான் எதிர்க்கிறேன். குழுவுக்கு, அலுவலகத்துக்கு, பள்ளிக்கு என்று கூட்டாகத் தரும் ஊக்கத்தை முயன்று பார்க்கலாம்.

சிறிய தொகையிலும் மதிப்பு இருக்க முடியும் என்பதற்குக் காவல்துறை எடுத்துக்காட்டு. முதலமைச்சரின் காவல் பதக்கம் பெற்றவர்களுக்கு மாதம் 400 ரூபாய் பதக்கப்படி, பதவி வேறுபாடு இல்லாமல் தருவதாக 2025 பொங்கல் அறிவிப்பு சொன்னது. ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டிலும் அந்த ஒரு வரி நிற்கிறது. காவலருக்கு அது தரும் பெருமை, ஒருமுறை கொடுத்து முடிந்துபோகும் காசோலையில் இல்லை. வடிவம் மிகச் சரி. தொகையை மட்டும் உயர்த்த வேண்டும். வரி விதியிலும் ஒரு நல்ல தனித்தன்மை உண்டு. பொதுநலன் கருதி அரசு நிறுவிய விருதுத்தொகைக்கு வருமானவரி இல்லை; போனஸும் மதிப்பூதியமும் சம்பளமாகவே கருதப்பட்டு வரிக்கு உட்படும். விருதையும் ஊதியத்தையும் பிரித்துப் பார்க்கும் இந்தத் தெளிவு மற்ற விதிகளுக்கும் வர வேண்டும்.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. போனஸ் திட்டங்களும் அதன் ஆய்வு வரம்புக்குள் வருகின்றன. ஊழியர் சங்கங்கள் அதன்முன், பழைய ஊதியத்தைப் புதியதாக மாற்றும் ஃபிட்மென்ட் காரணியை மட்டும் பேசிவிட்டுத் திரும்பக்கூடாது. 7,000 ரூபாய் உச்சவரம்பை நீக்கி, குறைந்தபட்ச ஊதியத்தோடு அதை இணைக்கக் கேட்க வேண்டும். ஊக்கத்தொகை எதுவானாலும் அகவிலைப்படியைப்போல் தானாக உயரும் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வரும் பொங்கலுக்கான ஆணையிலேயே சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களின் 1,000 ரூபாயை மற்றவர்களுக்குரிய 3,000 ரூபாயாக உயர்த்திவிடலாம். அதற்குப் புதிய சட்டமோ குழுவோ வேண்டாம். நிதித்துறையின் ஓர் அரசாணை போதும்.