ஒரு கணினியில் இரு குடித்தனம்

மொழியிற் பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பாதலின் அவை குற்றமாகா என்பது நன்னூலார் கொள்கை. தமிழாசிரியர் யாவரும் அறிந்த இவ்விதியை இந்நாளிற் கணினிக்கும் பொருத்திக் காட்டுவோர் உளர். 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அது முதல், "பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றுக, இதுவே காலத்தின் நியதி" என்னும் அறிவுரை மிகுதியாகக் கேட்கின்றது. மற்றொரு சாராரோ, "பழையதை விடற்க, வீட்டிலுள்ள ஒரே கணினியில் இரண்டையும் வைத்து, வேண்டியபோது வேண்டியதைத் திறந்துகொள்க" என்பர். இவ்விரு கட்சிகளையும் தமிழ் எழுதுவோரின் பக்கம் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழுக்கு இதில் என்ன?

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர்க்கு இவ்வழக்கு அத்துணைப் பெரிதன்று. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள் 1963ஆம் ஆண்டிலேயே ஆஸ்கி என்னும் பொதுமுறையாக வரையறுக்கப்பட்டன. தமிழ் எழுத்துகளுக்கோ யூனிகோடு முறையில் 1991ஆம் ஆண்டில் இடம் கிடைத்தது. ஆயினும் விண்டோஸ் 2000, அதனை அடுத்து 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றின் பின்னரே அது வீட்டுக் கணினிகளிற் செயற்படத் தொடங்கிற்று.

இடைப்பட்ட காலத்தில் நாம் எழுதாமல் இருந்தோமா? இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளால் எழுதினோம். வேறு பல எழுத்துருக்களாலும் எழுதினோம். அக்கால எழுத்துரு ஒன்றில் 256 இடங்களே உண்டு. தமிழ் எழுத்துகளோ 247. ஆங்கிலத்திற்கும் இடம் விடவேண்டியிருந்தமையால், எழுத்துகளைக் கொம்பு, கால், விசிறி எனத் துண்டுகளாக்கி, அவரவர் விரும்பிய இடங்களில் அவரவர் வைத்தனர். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதிய சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளாகவே தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1997இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியாற் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. 1999இற் சென்னையில் மீண்டும் கூடியது. டாம், டாப் என்னும் முறைகள் அங்கு ஏற்கப்பட்டன. திஸ்கி என்னும் முறையும் உடன் வழங்கிற்று. ஆகவே 1990களிலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் நம் ஆசிரியர்கள் உழைத்து எழுதிய பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் நாடகங்களும் ஒரு முறையில் இல்லை, பல முறைகளிற் சிதறிக் கிடக்கின்றன. பழைய இயங்குதளத்தைத் துடைக்கும்போது துடைபடுவது இவற்றைப் படிக்கும் வழியுமாகலாம்.

முதற்கட்சி

பழையதைத் துடைத்தெறிக என்பார் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய கோப்புகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதல் வகை, பலரும் பயன்படுத்தும் சொற்செயலியிற் பழைய எழுத்துருவைக் கொண்டு எழுதியவை. அந்த எழுத்துருவைப் புதிய இயங்குதளத்தில் நிறுவினாற் பெரும்பாலும் பழையபடியே படிக்கலாம். இரண்டாம் வகை, திஸ்கி, டாப், பாமினி போன்ற அறியப்பட்ட முறைகளில் அமைந்த வெறும் உரைகள். இவற்றை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் உள்ளன. இவ்விரண்டிற்கும் பழைய இயங்குதளம் வேண்டுவதில்லை.

மூன்றாம் வகையே இடர் தருவது. அவை தனக்கே உரிய வடிவிற் கோப்பைச் சேமித்த சொற்செயலிகளால் எழுதப்பட்டவை. அச்செயலி அன்றி வேறொன்றும் அவற்றைத் திறவாது. அவற்றுட் பழையன 16 பிட் செயலிகள். 64 பிட் விண்டோஸ் எதுவும் 16 பிட் செயலியை இயக்குவதில்லை. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கின்றது.

இதனை நான் பட்டறிந்தேன். 2001ஆம் ஆண்டிற் பள்ளி ஆண்டுவிழாவிற்காக ஒரு நாடகம் எழுதினேன். அச்சிட்ட படியைக் கறையான் தின்றுவிட்டது. கோப்பு மட்டும் வன்தட்டில் எஞ்சியிருந்தது. அன்று நடித்த மாணவி ஒருவர், இன்று ஆசிரியராகித் தம் மாணவரைக் கொண்டு அதனை நடிப்பிக்க விரும்பி என்னிடம் கேட்டார். புதிய கணினியிற் கோப்பைத் திறந்தேன். கட்டங்களும் கேள்விக்குறிகளுமே வந்தன. எழுதியவனாலேயே படிக்க இயலாத நாடகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

இங்குதான் நன்னூல் விதியைத் துணைக்கு அழைப்போர் தவறுகின்றனர். நீங்குதல் குற்றமன்று என்றாரே அன்றி, நீக்குதல் கடமை என்று நன்னூலார் யாண்டும் கூறவில்லை. குற்றமன்று என்பது இசைவு, கட்டளை அன்று. மேலும் சொற்கள் வழக்கிழந்தமையால் நூல்களை நம் முன்னோர் எறிந்துவிடவில்லை. தொல்காப்பியத்தின் சொற்கள் பல வழக்கொழிந்தன. இளம்பூரணர் முதலானோர் உரை செய்து நூலைக் காத்தனர். சொல் நீங்கலாம், நூல் நீங்கலாகாது என்பதே மரபு காட்டும் நெறி. இயங்குதளம் நீங்கலாம், அதில் எழுதியது நீங்கலாகாது.

இரண்டாம் கட்சி

இனி, இரண்டையும் அருகருகே வைப்போரின் கொள்கையை நோக்குவோம். வன்தட்டை இரு பகுதிகளாக்கி, ஒன்றிற் பழையதும் மற்றொன்றிற் புதியதும் நிறுவுதல் இவர்கள் முறை. கணினியைத் தொடங்கும்போது எது வேண்டுமெனக் கேட்கும் பட்டியல் ஒன்று தோன்றும். கேட்பதற்கு எளிது, ஆயின் இஃது ஒரு வீட்டில் இரு குடித்தனம் வைத்தது போன்றது. சுவர் பொது, கதவு பொது, கடிகாரமும் பொது.

கதவை முதலில் எடுத்துக்கொள்வோம். புதியதை நிறுவிய பின் பழைய விண்டோஸை நிறுவினால், அது தொடக்கப் பதிவைத் தன் விருப்பம்போல் எழுதிக்கொண்டு புதியதை உள்ளே விடாது. ஆதலாற் பழையதை முதலிலும் புதியதைப் பின்னரும் நிறுவவேண்டும் என்பர். அடுத்தது சுவர். விண்டோஸ் எக்ஸ்பியைத் திறந்தால், பக்கத்துப் பகுதியிலுள்ள விண்டோஸ் 7 தன் பாதுகாப்பிற்காகச் சேமித்த மீட்புப் புள்ளிகள் அழிந்துவிடும். விண்டோஸ் 8 முதலானவை கணினியை அணைக்கும்போது முற்றும் அணையாமல், விரைந்து எழும்பொருட்டு நினைவின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவைத்து உறங்கும். அவ்வேளையில் லினக்ஸ் வழியாக அப்பகுதியில் எதையேனும் எழுதினாற் கோப்புகள் சிதையும். இனிக் கடிகாரம். விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்ளும். நாம் பொது நேரத்திற்கு 8 மணி முன் உள்ளவர்கள். லினக்ஸைப் பயன்படுத்திய பின் விண்டோஸைத் திறந்தால், காலை 10 மணிப் பாடத்திற்கு 2 மணி என்று காட்டும்.

இவற்றைக் கைவல்லார் திருத்திக்கொள்வர். திருத்த இயலாதது ஒன்றுண்டு. எக்ஸ்பிக்குரிய ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளே நின்றது. அதன்பின் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பார் பொதுவாக இல்லை. அதனை வங்கிக் கணக்கும் மாணவர் மதிப்பெண்ணும் உள்ள கணினியின் முழு அதிகாரத்தில் அமர்த்தி இணையத்தில் உலவவிடுதல் அறிவுடைமை ஆகாது. இவர்களின் கருத்து நன்று, வழி நன்றன்று.

விருந்தாக வைத்தல்

குடித்தனம் வைப்பதற்கும் விருந்தாக வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. மெய்நிகர்க் கணினி என்னும் முறையிற் புதிய இயங்குதளம் வீட்டுக்காரராகவே இருக்கும். பழையது அதனுள் ஒரு சாளரத்தில் விருந்தாக வந்து, தனக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாகவே எண்ணி இயங்கும். அதன் வன்தட்டு நமக்கு ஒரு கோப்பே; அதனைப் படியெடுத்து வைக்கலாம், வேண்டாதபோது மூடலாம், இணையத் தொடர்பை அறவே நீக்கலாம். வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. விண்டோஸ் 7 வெளிவந்த 2009இல், அதன் உயர் பதிப்புகளை வாங்கியோர்க்கு எக்ஸ்பியை இவ்வாறு உள்ளே இயக்கும் வசதியை மைக்ரோசாப்ட் நிறுவனமே அளித்தது. பழையதன் தேவையை விற்றவரே உணர்ந்தமைக்கு அது சான்று. பழைய இயங்குதளத்தின் உரிமையுள்ள படி மட்டும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

என் நாடகம் இவ்வழியில்தான் மீண்டது. 32 பிட் எக்ஸ்பி விருந்தாக வந்தது, 16 பிட் சொற்செயலி அதில் இயங்கிற்று, கட்டங்கள் தமிழாயின. உரையை வெளியே எடுத்து யூனிகோடாக மாற்றினேன். வேலை அத்துடன் முடியவில்லை. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒன்றே. ஆதலால் எகரக் கொம்பும் வகரமும் ளகரமும் சேர்ந்து வந்த இடமெல்லாம் மாற்றி அதனை 'வௌ' எனக் கொண்டது. 'வெளியே' என்றது 'வௌியே' ஆயிற்று. 'வெள்ளி'யும் அவ்வாறே கெட்டது. எந்திரம் காணாத இப்பிழையைத் தமிழறிந்தார் கண் ஒரு நொடியிற் காணும். சுவடி பெயர்த்தெழுதினார்க்கு நேர்ந்த எழுத்து மயக்கமே இங்கு வேறு உருவில் நேர்கின்றது. ஆதலாற் பெயர்த்த பின் ஒப்புநோக்கல் இன்றியமையாதது.

முடிவு

ஆகவே பழைய இயங்குதளம் காக்கத்தக்கதுதான்; ஆனால் அதற்காக அன்று. அதில் அடைபட்ட எழுத்தை வெளியே கொண்டுவரும் வரையில், விருந்தாக வைத்துக் காக்கத்தக்கது. எழுத்து வெளிவந்த பின் அது நீங்கினும் குற்றமில்லை.

ஆசிரியப் பெருமக்கள் தம் பழைய கணினியை விற்குமுன், வன்தட்டைத் துடைக்குமுன், அதிலுள்ள தமிழ்க் கோப்புகளை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. எந்த எழுத்துருவில், எந்தச் செயலியில் எழுதினோம் என்பதை ஒரு தாளிலேனும் குறித்து வைப்பார்களாக. அதனை நினைவிற் கொண்டோர் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணியை முடித்தல் வேண்டும். அந்நாடகத்தை இப்போது அம்மாணவியின் மாணவர் பாடம் செய்கின்றனர்.